விட்டுப்போன ஒரிஜினல்கள்

என் பெயர் ஜியாவுல்லா. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிர் வரிசையில் ‘ஜியா ஜெராக்ஸ்’ என்று ஒரு கடை இருக்கிறதே, அதற்கு ஓனர், மேனேஜர், ஆபரேட்டர், பெருக்கித் தள்ளுகிறவன் எல்லாம் நான்தான். முப்பத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதியதை நகல் எடுத்தே சோறு தின்றவன். சொந்தமாக நாலு வரி எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அந்த நாலு வரிதான் இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு பல்கலைக்கழக லைப்ரரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்காரப் பார்த்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வெறும் காகிதத்தைப் பார்த்தால் கை அரிக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மிஷினில் விட்டு எடுத்தால்தான் நிம்மதி. என் கல்யாணப் பத்திரிகை, வீட்டுக்கு வந்த முதல் கரண்ட் பில், சர்க்கரை வியாதிக்காரன் தொடக்கூடாதவை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பட்டியல், எல்லாமே எங்கள் வீட்டில் லேமினேஷன்தான். அந்தப் பட்டியலில் பிரியாணி என்று எழுதிய இடத்தில் மட்டும் காற்றுக்குமிழி விழுந்து எழுத்து மறைந்துவிட்டது. அது தானாக நடந்தது என்று என் மனைவி வஜீதா இன்றுவரை நம்பவில்லை.

லேமினேஷன் போட்ட சர்டிபிகேட்டில் சீல் வைக்க முடியாது என்று ஆபீஸில் திருப்பி அனுப்புவார்கள். வந்தவர்கள் நேராக ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்து திட்டுவார்கள். திட்டி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு சர்டிபிகேட்டை எடுத்து, “இதையும் போட்டுக் குடு பாய்” என்பார்கள். ஊருக்கே அந்த வியாதி இருக்கும்போது நான் மட்டும் எப்படித் தேறுவது?

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. ஜனங்கள் நகலை நாலு தடவை சரிபார்த்து வாங்கிக்கொள்வார்கள். ஒரிஜினலை மிஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை மனுநாள் என்றால் கேட்கவே வேண்டாம். கலெக்டரைப் பார்க்கிற பதற்றத்தில் செருப்பையே விட்டுப் போனவர் உண்டு. நான் ஒரு மாசம் பார்ப்பேன். தேடி வந்தால் கொடுத்துவிடுவேன். வராவிட்டால், பாவம், பூச்சி அரித்துவிடுமே என்று லேமினேஷன் போட்டு ஒரு தகரப் பெட்டியில் வைத்துவிடுவேன். முப்பது வருஷத்தில் பெட்டி நிறைந்துவிட்டது. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒரு தெருவே கைரேகை வைத்த மனு, கூத்து நோட்டீஸ், பத்தாம் வகுப்பு டி.சி., யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாமல் நகல் மட்டும் எடுத்துக்கொண்ட காதல் கடிதம். காதல் கடிதத்துக்கு எதற்கு நகல் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் ஒரே ஒழுக்கம்.

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு கறுப்புத் தாளும் இருந்தது. அதை நான் யாருக்கும் காட்டியதில்லை.

போன சித்திரையில் கவிநிலா கடைக்கு வந்தாள். அடி அண்ணாமலைப் பெண். எட்டாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எச்.டி. ஆய்வேடு வரைக்கும் அவள் வாழ்க்கையின் ஒவ்வொரு தாளும் என் மிஷின் வழியாகப் போனதுதான். இப்போது பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு பல்கலைக்கழக லைப்ரரியில் சிறப்புத் தொகுப்புப் பிரிவு என்று ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். அது என்ன பிரிவு என்று எனக்குத் தெரியாது. சிறப்பு தரிசனம் மாதிரி தனி வரிசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பாய், அந்தப் பெட்டி இன்னும் இருக்குதா?”

“எந்தப் பெட்டிம்மா?”

“ஜனங்க விட்டுட்டுப் போற ஒரிஜினல் எல்லாம் போட்டு வெப்பீங்களே. எங்க லைப்ரரிக்கு வேணும்.”

நான் சிரித்துவிட்டேன். “லைப்ரரிக்கு புஸ்தகம்தானே வாங்குவாங்க? இது குப்பைம்மா.”

“ராஜா எழுதினது கோயில் சுவத்துல இருக்குது பாய். எப்ப வேணா போய்ப் படிச்சுக்கலாம். இந்த ஊர்ல லாட்ஜ் நடத்துனவங்க, கூத்து கட்டுனவங்க, மனு குடுத்து மனு குடுத்துக் களைச்சுப் போனவங்க எழுதினது எங்க இருக்குது? உங்க பெட்டியிலதான் இருக்குது.”

பத்தாம் வகுப்பில் வரலாற்றில் முப்பத்தைந்து மார்க் வாங்கியவன் நான். அதிலும் ஐந்து வாத்தியார் போட்ட பிச்சை. அப்பேர்ப்பட்டவனிடம் வந்து, வரலாறு உன் கடையில்தான் இருக்கிறது என்று டாக்டர் பட்டம் வாங்கிய பெண் சொன்னால் தலை கனக்காமல் என்ன செய்யும்? “பெட்டி மேல பேரு கீரு போடுவீங்களாம்மா?” என்று மெல்லக் கேட்டேன்.

“ஜியாவுல்லா தொகுப்புனே போடலாம் பாய்.”

அன்று கடைக்கு வந்த ஒவ்வொருத்தருக்கும் அதைச் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். ஆதார் நகல் எடுக்க வந்த ஒரு பெரியவர், “சரி பாய், என் காயிதத்த குடு” என்று கையை நீட்டியபடியே முழுவதையும் கேட்டார்.

அடுத்த வாரம், ரம்ஜானுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கறுப்புத் தாளை மட்டும் எடுத்து பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அந்த அறை நான் நினைத்த மாதிரி இல்லை. ஜில்லென்று ஏ.சி. நுழைவதற்கு முன் கை கழுவச் சொன்னார்கள். பேனாவை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். மசூதிக்குப் போகிறபோது இருக்கிற பயபக்தி எனக்கு வந்துவிட்டது. கவிநிலா ஒவ்வொரு அட்டைப் பெட்டியாகத் திறந்து காட்டினாள். ராத்திரி முழுக்க ஆடப்போகும் கூத்துக்கு மஞ்சள் காகிதத்தில் நோட்டீஸ். திருவிழாக் காலத்துப் பஸ் நேர அட்டவணை. பழைய லாட்ஜ் ஒன்றின் வருகைப் பதிவேடு. அதில் ‘வந்த காரணம்’ என்று ஒரு கட்டம். எல்லாரும் சுவாமி தரிசனம், சுவாமி தரிசனம் என்றே எழுதியிருந்தார்கள். ஒருத்தர் மட்டும், ‘மனசு சரியில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தேதி நான் பிறந்த வருஷம். அந்த ஆளுக்குப் பிறகு மனசு சரியானதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. யாரிடம் கேட்பது?

பிறகு ஒரு நிக்காஹ் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். அறுபத்தெட்டாம் வருஷத்தது. கீழே நல்வரவை விரும்பும் பெயர்களில் ஏழாவதாக என் அத்தா பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அத்தாவின் பெயர் அச்சடித்த காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. நான் அந்தப் பெயரை விரலால் தடவப் போனேன். உடனே கை கழுவியது ஞாபகம் வந்து, கழுவினோமா சரியாக என்று சந்தேகம் வந்து, விரலை எடுத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. ஏ.சி.யில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று சொன்னேன்.

அதற்கப்புறம் என் பெட்டியைத் திறந்தாள். முதல் தாளை எடுத்தாள், வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள். அடியில் கைவிட்டு ஒன்றை உருவினாள். முகம் மாறிவிட்டது.

“பாய்... எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்மா! ஒண்ணு விடல. தொண்ணூறு ரூபா உறை போட்டதுகூட இருக்குது.”

அவள் தாளை மெதுவாகக் கீழே வைத்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். சூட்டில் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும், இனி பிரிக்கவே முடியாது, உள்ளேயே காகிதம் மெல்ல மெல்லச் சாகும், பழைய காகிதத்துக்கு இதைவிடப் பெரிய கொடுமை கிடையாது என்று. பூச்சி அரித்த தாளைக்கூட அவர்கள் காப்பாற்றிவிடுவார்களாம். நான் காப்பாற்றிய தாளைக் காப்பாற்ற வழி கிடையாதாம். இருபத்தேழு வருஷமாகக் கொலை செய்துவிட்டு, அதற்குப் பெயர்ப்பலகை கேட்டு, ரம்ஜான் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

“பரவால்ல பாய். இந்த ஊர் எதையெல்லாம் லேமினேஷன் போட்டு வெச்சுதுங்கறதும் ஒரு வரலாறுதான்” என்று ஆறுதல் சொன்னாள். உயிரோடு இருப்பவர்களின் சர்டிபிகேட்டுகளைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

கடைசியாக அவள் தன் மேஜையிலிருந்து ஒரு மெல்லிய உறையை எடுத்தாள். 

“அடுத்த மாசம் ஒரு கண்காட்சி வெக்கறோம் பாய். சாதாரண ஜனங்களோட காயிதம். நடுக் கண்ணாடிப் பெட்டியில இதுதான். எங்க அப்பாவோட கடைசி லெட்டர். உங்க கையெழுத்து. ஃபேக்ஸ் தெளிவா வரலைனு நீங்கதான் பார்த்து எழுதிக் குடுத்தீங்களாம், அம்மா சொல்லுச்சு. நகல் எடுத்தவர்னு நீங்க ஒரு பத்து வரி எழுதிக் குடுக்கணும். ஒரிஜினல் என்ன ஆச்சுங்கறதும் வரணும். அது பதிவுல போயிடும், அப்புறம் மாத்த முடியாது.”

“எழுதிட்டா போச்சு” என்றேன். பஸ் ஏறி உட்கார்ந்தேன். பென்சிலைத் திருப்பிக் கொடுக்காமல் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டது போளூர் தாண்டியபோதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். தொண்ணூற்றெட்டில் கவிநிலாவின் அப்பா ஏழுமலை மஸ்கட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனார். அப்போது என் கடையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., ஃபேக்ஸ் எல்லாம் உண்டு. போய்ச் சேர்ந்த ஒரு மாசத்தில், அங்கே யாரோ ஆபீஸ் டிரைவரின் தயவில், மனைவி காசியம்மாளுக்கு என்று ஒரு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினார். மிஷினிலிருந்து அது நெளிந்து நெளிந்து வரும்போதே நான் பாதி படித்துவிட்டேன். தப்புதான். ஃபேக்ஸ் கடைக்காரன் எவனும் படிக்காமல் இருந்ததில்லை. அதற்குள் ஒரு ஆள் வந்து நூறு நகல் கேட்டதால் மீதிப் பாதியைப் படிக்கவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் போகிற பால் வண்டிக்காரரிடம், காசியம்மாளை வரச்சொல்லி அனுப்பினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். லேமினேஷன் மிஷின் வந்து அன்றைக்கு ஆறாவது நாள். ஃபேக்ஸ் காகிதத்தில் எழுத்து ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். புருஷன் எழுதிய முதல் கடிதம், பத்திரமாக இருக்கட்டும், காசு வாங்காமல் போட்டுக் கொடுப்போம் என்று உறையில் வைத்து மிஷினில் விட்டேன். அந்தக் காகிதத்தில் சூட்டால்தான் எழுத்தே விழுகிறது, சூடு பட்டால் முழுத்தாளும் கறுத்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. ஊரில் அது தெரிந்திருக்க வேண்டியவன் நான் ஒருத்தன்தான். அந்தப் பக்கம் வெளியே வந்தது, பளபளவென்று, அடுப்பங்கரைச் சுவர் மாதிரி கறுப்பாக இருந்தது. ஒரு எழுத்து இல்லை. நான்கு மூலையும் மட்டும் அருமையாக ஒட்டியிருந்தது.

காசியம்மாள் வெயிலில் நடந்தே வந்துவிட்டார். கூடவே எட்டு வயசு கவிநிலா.  கறுப்புத் தாளை மிஷினுக்கு அடியில் தள்ளினேன். “ஃபேக்ஸ் தெளிவா இல்லக்கா, பார்த்து எழுதித் தர்றேன், ஒரு நிமிஷம்” என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஞாபகத்தில் இருந்ததை முதலில் எழுதினேன். நலமாக வந்து சேர்ந்தேன். ஒரு ரூமில் எட்டுப் பேர். சோறு கிடைக்கிறது, வெயில் ஜாஸ்தி. அதற்கு மேல் என்ன எழுதுவது? தாள் முக்கால்வாசி காலியாக இருந்தது. நிமிர்ந்தேன். அந்தச் சின்னப் பெண் என் கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன்: ‘நீ உடம்பைப் பார்த்துக்கொள். கவிநிலாவை எக்காரணம் கொண்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டாம். அவள் எவ்வளவு படிக்க விரும்புகிறாளோ அவ்வளவும் படிக்க வைக்கவும். இது என் கட்டளை.’ தினமும் மனுவாகப் பார்த்துப் பார்த்து எனக்கு வேறு தமிழ் வரவில்லை. ‘தங்கள் உண்மையுள்ள’ என்று எழுதப்போய்க் கடைசி நேரத்தில் கையை நிறுத்தினேன்.

காசியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கவிநிலாதான் வாசித்துக் காட்டினாள். அவள் பெயர் வந்த இடத்தில் குரல் உயர்ந்தது. அடுத்த இருபதாவது நாள் ஏழுமலை வேலை இடத்தில் விழுந்து இறந்துபோனார். சவப்பெட்டி வந்தது. வேறு கடிதம் வரவில்லை.

அந்த மனுஷன் கடைசியாகச் சொன்னதை நான் எரித்துவிட்டேன். இதை எத்தனையோ தடவை சொல்லிவிடப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெண் படிக்கப் படிக்க, எனக்குள் இன்னொரு அசிங்கமும் வளர்ந்தது. அவளை டாக்டராக்கியது நான்தான் என்ற நினைப்பு. அவள் பட்டம் வாங்கிய அன்று, “இதுல என் பங்கும் உண்டு” என்று கடையில் சாக்லேட் கொடுத்தேன். குற்றவாளியும் நானே, கொடைவள்ளலும் நானே.

வீட்டுக்கு வந்து வஜீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தக் கறுப்புத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத நான் எப்பவோ பெட்டியில பாத்துட்டேன். மிஷின் டெஸ்ட் பண்ண போட்டதுனு நெனச்சேன்” என்றாள். பிறகு, “பத்து வரியில பொய்யா எழுதிக் குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டாள்.

“உண்மைய சொன்னா அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சிடும் வஜீதா.”

“அது மனசுக்காகவா பயப்படுறீங்க? உங்க பேரு போட்ட பெட்டிக்காகத்தானே?”

நாற்பது வருஷம் ஒருத்தியோடு குடித்தனம் செய்தால் இப்படித்தான், நகல் எடுக்காமலே உள்ளே இருப்பதைப் படித்துவிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கவிநிலா அம்மா வீட்டுக்கு வருவாள். அன்று காலையில் கறுப்புத் தாளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள். கிரிவலப் பாதை ஓரமெல்லாம் பேப்பர் தட்டு கிடந்தது. காசியம்மாள் வாசலில் மல்லாட்டை, வேர்க்கடலைதான், உரித்துக்கொண்டிருந்தார். கவிநிலா நாற்காலி எடுத்துப் போட்டாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றுகொண்டே, தாளை எடுத்து அவள் கையில் கொடுத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திங்கட்கிழமை கலெக்டர் முன்னால் மனு வாசிக்கிற ஆள் மாதிரி இருந்திருப்பேன்.

கவிநிலா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

“ஏதாவது தெரியுதாம்மா? உங்க லேபுல ஏதாவது லைட்டு கீட்டு வெச்சு...”

“இல்ல பாய். வாய்ப்பே இல்ல.”

உள்ளே போய்த் தன் பையிலிருந்து அந்த உறையை எடுத்து வந்தாள். என் கையெழுத்துக் கடிதத்தின் நகல் ஒன்றை என் முன்னால் வைத்தாள். ஒரு பென்சிலையும் வைத்தாள். “எதுவரைக்கும் அப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

வெயில் ஜாஸ்தி என்ற இடத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே இரண்டே வரி. கீழே நான். அவள் பெயர் கீழேதான் இருந்தது.

“அப்ப, என்னைப் படிக்க வெக்கச் சொன்னது அப்பா இல்ல” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம். “ஒவ்வொரு பரீட்சைக்கும் இதைப் படிச்சுட்டுத்தான் பாய் போவேன்.”

 மன்னிச்சிடும்மா என்று சொல்லலாம். அந்த வார்த்தையும் லேமினேஷன் போட்ட மாதிரி வழவழவென்று இருந்தது. பென்சிலைக் கீழே வைத்தேன்.

மல்லாட்டை உரிப்பதை நிறுத்தாமலே காசியம்மாள் பேசினார். “எக்காரணம் கொண்டும்னு அந்த மனுசன் வாயில வருமாடி? அவரு சொல்லி ரூம்ல வேற யாரோ எழுதுனதுனே வெச்சுக்க. அப்பயும் வராது. எனக்கு அன்னைக்கே சந்தேகம்தான். பாய்க்கு அப்படி வேர்த்து ஊத்துச்சு.”

“அப்புறம் ஏம்மா சொல்லல?”

“எதுக்குச் சொல்லணும்? உங்க பெரியப்பன் வந்து, புருசன் இல்லாத வீட்டுல பொட்டப் புள்ளைக்கு எதுக்குப் படிப்பு, மில்லுக்கு அனுப்புனு குதிச்சான். என் பேச்சு எவன் காதுல ஏறும்? உன் தம்பி எழுதினதுடா, பாருனு இந்தக் காயிதத்த மூஞ்சில காட்டுனேன். வாய மூடிட்டான். உன்ன படிக்க வெச்சது உங்க அப்பனும் இல்ல, இந்த பாயும் இல்ல. நான்தான் வெச்சேன்.”

இருபத்தேழு வருஷமாக நான் ரகசியமாகச் சுமந்த கொடைவள்ளல் பட்டம் அந்த வாசலிலேயே, மல்லாட்டைத் தோலோடு தோலாக, விழுந்தது. விழுந்ததும் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது. கவிநிலா போய் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

காசியம்மாள் கை நின்றது. என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“எனக்கு ஒண்ணுதான் பாய் உறுத்தல். அவரு கெளம்பறப்ப நம்ம செவலை நெற மாசம். என்கிட்ட சொல்லிக்கிட்டாரோ இல்லையோ, மாட்டுக்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு காயிதம் போட்டு, அதுல மாட்டப் பத்தி ஒரு வார்த்த இல்ல. ஒண்ணு, பாய் எழுதினது பொய்யி. இல்லனா அங்க போன ஒரே மாசத்துல அவரு மாறிட்டாரு. ரெண்டுல எதுனு தெரியாமதான் இத்தன வருசம் ஓடிப்போச்சு.”

எனக்குத் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. மிஷினிலிருந்து அந்தத் தாள் நெளிந்து வருவது அப்படியே கண்ணுக்குள் வந்தது. வெயிலுக்கு அடுத்த வரி. அதை நான் படித்தேன். படித்தது நன்றாக ஞாபகம் இருந்துதான் எழுதாமல் விட்டேன். புருஷன் மனைவிக்கு எழுதுகிற கடிதத்தில் மாடு எதற்கு, மரியாதையாக இருக்காது என்று, எதற்கும் லாயக்கில்லாத நான், அந்த மனுஷன் கடிதத்தைத் திருத்தினேன். நான் எரித்தது அறியாமல் செய்தது. இது அப்படி இல்லை.

“இருந்துச்சுக்கா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “இருந்துச்சு. நான்தான் விட்டுட்டேன். ‘செவலை கன்னு போட்டுச்சா’னு கேட்டிருந்தாரு. ‘கொட்டாய் ஒழுவுதா, ஓலை மாத்து, அது நனையக்கூடாது’னு இருந்துச்சு.”

கவிநிலா பென்சிலை எடுத்தாள். நான் போட்ட கோட்டுக்கு மேலே, ஓரமாக, அந்த வரியை எழுத ஆரம்பித்தாள். காசியம்மாள் மடியில் இருந்த மல்லாட்டையை உதறிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார். அந்தக் கறுப்புத் தாளைக் கேட்டு வாங்கி, எழுத்து தெரிகிறவர்கள் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“போட்டுச்சுய்யா. கெடேரிக் கன்னு.”